எட்டு ஜிபிக்குள் ஒரு தெரு

பளபளப்பாருக்கு ஞானோதயம் உண்டான அன்றே அந்த அலுவலகத்தின் நிம்மதி போயிற்று. வீடியோ கேம் செய்யும் அந்தச் சின்ன நிறுவனத்துக்கு அவர்தான் இயக்குநர். கதவில் முறையான பெயரும் பட்டமும் பித்தளையில் பதித்திருந்தாலும், எது மின்னினாலும் அதன் பின்னாலேயே போய்விடுகிற சுபாவத்துக்காக முப்பது பேரும் முதுகுக்குப் பின்னால் பளபளப்பார் என்றுதான் சொல்வார்கள். மூன்று நாள் கண்காட்சிக்குப் போனவர், சுவர் அகலத் திரையில் ஒரு மழைக்குட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். குட்டைக்குள் விளக்குக் கம்பம் அப்படியே தெரிந்ததாம். கம்பத்தின் மேல் இருந்த காக்காய் தெரிந்ததாம். மேலே இருந்த காக்காய் இறக்கையை அடித்ததும் தண்ணீருக்குள் இருந்ததும் அடித்ததாம். அதற்கு முன் உலகத்தில் யாரும் தண்ணீரையே பார்த்ததில்லை என்பது போல இதை நாலு நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஐந்தாம் நாள் எல்லாரையும் கூட்டி அறிவித்தார். "இனிமே நம்ம கேம்ல பொய் வெளிச்சம் கிடையாது. எல்லாம் நிஜம். எல்லாம் ரே டிரேசிங்."

நாலு வருடமாகச் செய்துகொண்டிருந்த கேம் அது. மழை விடாத ஓர் ஊரில் ஒரு துப்பறிவாளர் கொலைக்குக் காரணம் தேடி நடந்து திரிவார். மழை ஊர் என்றால் பத்தடிக்கு ஒரு குட்டை. அத்தனை குட்டைக்கும் நிஜ வெளிச்சம் என்றால் அது யார் தலையில் விடியும் என்று கத்திரிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கத்திரி என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர். கேமில் வருகிற சுவர், முகம், செருப்பு, மேகம் அத்தனையையும் விளையாடுகிறவரின் கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் நினைவகத்துக்குள் அடைப்பது அவள் வேலை. அடையாததை வெட்டுவாள். ஓவியர்கள் பார்த்துப் பார்த்து வரைந்த படங்களைப் பாதியாக்குவாள், பாதியைக் காலாக்குவாள். அவள் தேநீர்க் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்தாலே ஓவியர்கள் திரையை மறைத்துக்கொள்வார்கள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கிற கார்டுக்கு எட்டு ஜிபி நினைவகம். அதில் அரை ஜிபியைக் கம்ப்யூட்டரே தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஏழரை. அதற்குள் நுழையாதது எல்லாம் வெளியே, பொது நினைவகத்தில் போய் உட்காரும். கார்டு ஒவ்வொரு தடவையும் அங்கே ஓடிப் போய் எடுத்துவர வேண்டும். அந்த ஓட்டத்தில் படம் திக்கும், நிற்கும், விளையாடுகிறவர் மேசையைக் குத்துவார். பளபளப்பாரின் மேசைக்குக் கீழே இருந்ததோ மூன்று விசிறி வைத்த இருபத்துநாலு ஜிபி கார்டு. அதில் எதைக் கொட்டினாலும் ஓடும். ஆகவே உலகத்தில் எல்லாரிடமும் அதுதான் இருக்கிறது என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

அந்த முடிவுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டதில் கத்திரிக்கும் பங்கு உண்டு. மூன்று வருடத்துக்கு முன்பு அவள் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். நினைவகம் நிரம்புகிற சமயம் பார்த்து, அது சத்தம் போடாமல் தெளிவான படங்களை எடுத்துவிட்டு அதே படங்களின் மங்கலான பிரதிகளை வைத்துவிடும். தூரத்துச் சுவர், கூரை ஓடு, யாரும் எட்டிப் பார்க்காத மூலை. ஒருவர் கண்ணிலும் படாது. அவளுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. பளபளப்பார் புதிதாக எதைக் கொண்டுவந்து தலையில் கட்டினாலும் "பார்க்கறேன் சார்" என்பாள். நிரல் எங்கேயோ நாலு சுவரை மங்கலாக்கும். கேம் ஓடும். "அதான் ஓடுதேம்மா, நீங்க சும்மா பயமுறுத்தறீங்க" என்பார் அவர். அவள் வாயிலிருந்து இல்லை என்ற சொல் அவர் காதில் விழுந்ததே கிடையாது.

ரே டிரேசிங்கைப் போட்டுவிட்ட முதல் நாள் துப்பறிவாளருக்குத் தலை இல்லை. விளையாடுகிறவர் எல்லாவற்றையும் துப்பறிவாளரின் கண் வழியாகத்தான் பார்க்கிறார்; அந்தத் தலையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கத்திரி எப்போதோ வெட்டியிருந்தாள். இப்போது குட்டைக்குள் கோட்டும் சட்டையுமாகக் கழுத்து வரை ஓர் ஆள் நின்று அண்ணாந்து பார்த்தார், பார்க்கக் கண் இல்லாமல். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. பளபளப்பார் சிரிக்கவில்லை. "தலை வைங்க" என்றார். தலைக்கு அறுபது எம்பி போயிற்று.

தலை ஒரு முன்பணம் மாதிரிதான். பழைய முறையில் குட்டை என்பது ஒரு கண்துடைப்பு. முன்கூட்டியே எடுத்து வைத்த படத்தைத் தலைகீழாக ஒட்டி, மேலே கொஞ்சம் அலை விட்டால் தீர்ந்தது; முதுகுக்குப் பின்னால் இருக்கும் வீட்டை அப்போதைக்கு நினைவகத்திலிருந்து தூக்கி எறிந்துவிடலாம். புதிய முறையில் கார்டு திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒரு கதிரை விட்டு, அது எங்கே போய் முட்டுகிறது, முட்டி எங்கே திரும்புகிறது என்று பார்க்கும். கதிர் முதுகுக்குப் பின்னாலும் போகும். அதனால் முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, மாடி மேல் இருப்பது அத்தனையும் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கப்பட்டு எந்நேரமும் நினைவகத்தில் தயாராக இருக்க வேண்டும். அந்தப் பெட்டிகளுக்கே ஒரு ஜிபிக்கு மேல் ஆகிறது. சரி, இவ்வளவு கொட்டிக் கொடுத்தால் நிஜமாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. புள்ளிக்கு ஒரு கதிர், மிஞ்சினால் இரண்டு. அதற்கு மேல் கார்டுக்கு மூச்சு வாங்கும். வருகிற படம் மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும். இன்னொரு நிரல் வந்து இடைவெளியில் எல்லாம் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துப் பூசி மெழுகும். பொய்யை ஒழிக்கிறேன் என்று கிளம்பிய மனிதர் இன்னும் பெரிய பொய்யாகப் பார்த்துப் பிடித்து வந்திருக்கிறார் என்று கத்திரி மனத்துக்குள் காறித் துப்பினாள். வாயைத் திறந்தபோது "பார்க்கறேன் சார்" என்றுதான் வந்தது.

மூன்று வாரம் கழித்துச் சோதனைக்காரர் அவள் மேசைக்கு வந்தார். கேமை நாள் முழுக்க விளையாடிக் கோளாறு கண்டுபிடித்து எழுதுவது அவர் உத்தியோகம். ஓய்வு பெற ஒரு வருடம் பாக்கி. யாருக்கும் பயப்படுகிற வயதைத் தாண்டிவிட்டவர். எட்டு ஜிபி கார்டு போட்ட சாதாரணக் கம்ப்யூட்டர் அலுவலகத்திலேயே ஒன்றுதான் இருந்தது, அதுவும் அவரிடம்தான் இருந்தது.

"கேம் நிக்கல" என்றார். "ஓடுது. ஆனா சாட்சி சொல்ல வர்ற அம்மாவுக்கு மூஞ்சி இல்ல. பிசைஞ்சு வச்ச மாவு மாதிரி இருக்கு. அந்த மாவு அழுவுது. துப்பறியறவர் அதைப் பார்த்து, உங்க கண்ணுல பயம் தெரியுதுன்னு வசனம் பேசறாரு."

கத்திரி போய்ப் பார்த்தாள். அவர் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. குட்டையில் மட்டும் ஒவ்வொரு மழைத்துளியும் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக விழுந்தது. அவளுடைய நிரல் தூரத்துச் சுவர்களையும் கூரைகளையும் தின்று தீர்த்துவிட்டு முகங்களுக்கு வந்திருந்தது. ஒன்றரை ஜிபி பற்றாக்குறை. இனி அதை எந்த மூலையிலும் ஒளிக்க முடியாது.

அதற்கு அடுத்த பத்தாவது நாள் வெளியீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் அம்மாள் வருவதாக இருந்தது. அவர் சம்மதித்தால் கேம் கடைகளுக்குப் போகும், இல்லாவிட்டால் நாலு வருடமும் குப்பைக்குப் போகும். வாங்கப் போகிற ஜனங்களிடம் இருக்கிற கார்டில் ஓட்டித்தான் பார்ப்பேன் என்று அவர் முன்பே எழுதிவிட்டார். பளபளப்பார் வேறு வழியில்லாமல் கூட்டம் போட்டார். எது எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற பட்டியலைக் கத்திரி சுவரில் காட்டினாள். ஒன்றேமுக்கால் ஜிபியைக் குட்டைகளும் கதிர்களும் விழுங்கியிருந்தன. அதை அவர் பார்க்காத மாதிரி தாண்டினார். அடுத்த வரியில் கடைத்தெரு, ஒன்று புள்ளி ஆறு.

கடைத்தெரு கத்திரியின் நாத்தனார் செய்தது. கணவருக்கு ஒரே தங்கை. கத்திரியின் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். கத்திரி சொல்லித்தான் இங்கே வேலைக்குச் சேர்ந்தாள். தெரு முடிகிற வரைக்கும் என்று ஒப்பந்தம். இரண்டரை வருடத்தில் நாற்பத்து மூன்று கடை கட்டியிருந்தாள். கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்து துருப்பிடித்த ஷட்டர், வெயிலில் வெளுத்த பலகை, பிளாஸ்திரி ஒட்டிய கண்ணாடி என்று பொறுக்கி வருவாள். பூட்டுக் கடைக்காரருக்கு இடது கைப்பழக்கம் என்று அவளாகவே தீர்மானித்து, கதவின் கைப்பிடியை அதற்கேற்ற பக்கத்தில் தேய்த்து வரைந்திருந்தாள். இதை எல்லாம் யார் பார்ப்பார்கள் என்று கேட்டால், "பார்க்காட்டி என்ன அண்ணி, அவருக்குத் தெரியுமில்ல" என்பாள்.

"இந்தத் தெருவை எடுத்துடுங்க" என்றார் பளபளப்பார்.

"எடுத்துட்டு சார்?"

"ரெண்டு பக்கமும் சுவர் வச்சுடுங்க. சாம்பல் கலர்ல, பிளெயினா. ஆடறவன் குட்டையைத்தானே பார்க்கப் போறான்? குனிஞ்சு தண்ணியைப் பார்க்கறவன் கடையை எங்க பார்க்கப் போறான்?"

குட்டைக்குள் தெரிய வேண்டியதே அந்தத் தெருதான். அது தெரிவதற்கு இடம் வேண்டும் என்று அதையே தூக்கச் சொல்கிறார். சோதனைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கத்திரியைப் பார்த்தார். எல்லாருமே அவளைப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்த அந்த நிமிடத்தில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் கிளம்பியது. சொல்வானேன்? வருகிற அம்மாளின் எதிரில் குட்டைக்குள் வெறும் சுவர் தெரியட்டும். மனிதர் நன்றாக மூக்குடைபடட்டும். தெருவின் கோப்பு எங்கே போய்விடப் போகிறது, அரை மணி நேரத்தில் திரும்ப வைத்துவிடலாம்.

"பார்க்கறேன் சார்" என்றாள்.

அன்று மத்தியானமே எடுத்துவிட்டாள். ஒரு வரியை அழிக்கிற வேலைதான். முகங்கள் எல்லாம் தெளிந்தன. படம் நொடிக்கு அறுபது ஃபிரேமில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுநாள் காலை நாத்தனாருக்குக் கடிதம் வந்தது. தெரு வேலை முடிந்துவிட்டபடியால் ஒப்பந்தமும் முடிகிறது, நன்றி, அடையாள அட்டையை வாசலில் ஒப்படைக்கவும். கத்திரிக்குச் சுரீர் என்றது. மூக்குடைப்பு விழாவுக்கு எல்லாவற்றையும் யோசித்தவளுக்கு இது மட்டும் தோன்றவே இல்லை.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் மூன்று பேர். கத்திரியின் வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் அளவு பார்க்கிறவர். சண்டை என்றால் அவருக்கு ஆகாது. தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாரு அண்ணி வெட்டினது?" என்று கேட்டாள் நாத்தனார்.

"சார் சொன்னாரு."

"சொன்னது அவரு. வெட்டினது யாருன்னு கேட்டேன்."

"நான்தான்." கத்திரி கரண்டியைக் கீழே வைத்தாள். "கொஞ்சம் பொறு. நீ நினைக்கிற மாதிரி இல்ல. குட்டை இருக்கு, குட்டையில தெரியறதுக்கு ஊரே இல்ல. அந்தம்மா வந்து பார்த்துட்டுக் காறித் துப்பிட்டுப் போவாங்க. இவரு மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவாரு? மறுநாளே தெரு திரும்ப வந்துடும். உன்னையும் கூப்பிட்டுத்தான் ஆகணும்."

"தெரியறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னா அப்புறம் குட்டை எதுக்கு?" என்றார் வீட்டுக்காரர்.

"அதைத்தான் எல்லாரும் அவரைக் கேட்கப் போறாங்க."

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் நாத்தனார். குரலை உயர்த்தவில்லை. "அவரை மூக்கறுக்க உங்களுக்கு என் தெருதான் கிடைச்சுதா அண்ணி? இடம் பத்தாதுன்னு அவருக்கு யாரு சொல்லியிருக்கணும்? அவர் கேட்டதையெல்லாம் திணிச்சுத் திணிச்சுக் குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து அவரைத் திட்டறீங்க. ரெண்டரை வருஷமா தினமும் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இதுல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அங்க சொல்லியிருக்கீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது கத்திரிக்கு. உனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான் என்ற வார்த்தை தொண்டை வரை வந்தது. நல்ல வேளை, அங்கேயே நின்றது. நாத்தனார் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்செல்லாம் வீட்டுக்காரர் வழியாகவே நடந்தது. அண்ணிகிட்ட சொல்லுங்க, பால் தீர்ந்துடுச்சு. உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க, துணி காஞ்சுடுச்சா.

வெளியீட்டு அம்மாள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குள்ளமான உருவம், தட்டையான செருப்பு, கையில் ஒரு குறிப்பு நோட்டு. உபசார வார்த்தைகளைப் பாதியிலேயே நிறுத்திவிட்டுச் சோதனைக்காரரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். பளபளப்பார் ஒரு பக்கம், கத்திரி ஒரு பக்கம். கேம் தடங்கல் இல்லாமல் ஓடியது. துப்பறிவாளர் மழையில் நடந்தார். கடைத்தெரு இருந்த இடத்துக்கு வந்தார். இரண்டு பக்கமும் சாம்பல் சுவர், நடுவே தண்ணீர். அம்மாள் குனிந்து குட்டையைப் பார்த்தார். சாம்பல் சுவர், சாம்பல் வானம், புதிதாகத் தலை முளைத்த துப்பறிவாளர்.

கத்திரி அடி விழக் காத்திருந்தாள்.

"நல்லா இருக்கே" என்றார் அம்மாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "எவ்வளவு வெறுமை. ஊரே இவரைக் கைவிட்டுட்ட மாதிரி இருக்கு. ரொம்பத் துணிச்சலான முடிவு."

பளபளப்பார் ஒரு கணம்தான் விழித்தார். அடுத்த கணம் வாயெல்லாம் பல். "அதுக்காகத்தான் மேடம் யோசிச்சு யோசிச்சு எல்லாத்தையும் எடுத்தோம். முதல்ல இங்க ஒரு கடைத்தெரு இருந்துச்சு. ஒரே கசகசப்பு. கூடவே கூடாதுன்னு நான்தான் பிடிவாதமா நின்னேன்."

கத்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. பத்து நாளாக ருசித்து ருசித்து வைத்திருந்த அவமானம் இப்படிப் பாராட்டாகத் திரும்பும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. அவருக்கு என்று தோண்டிய குழியில் அவர் கால்கூடப் படவில்லை. விழுந்தது இரண்டரை வருடத் தெருவும், அதைச் செய்தவளும், கடைசியில் தோண்டியவளும். இந்த மனிதரைப் பற்றி வீட்டில் எவ்வளவு ஏளனம் பேசியிருக்கிறாள்! அவருக்காவது தான் என்ன செய்கிறோம் என்று தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இந்த உணர்வு ஊர் முழுக்க வந்தா நல்லா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அம்மாள் நோட்டில் எழுதினார்.

"வரும் மேடம். இன்னும் முப்பது குட்டை போட்டுடலாம். எல்லாம் இவங்க பார்த்துக்குவாங்க." பளபளப்பார் கத்திரியின் பக்கம் திரும்பினார். "இடம் இருக்கில்லம்மா?"

பழக்கம் பொல்லாதது. பார்க்கறேன் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து நின்றது.

"இல்லை" என்றாள் கத்திரி.

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். சோதனைக்காரர் சிரிக்கவில்லை.

"இல்லை சார். இப்ப இல்லை, முன்னாடியும் இல்லை. இருக்கற மாதிரி நான் காட்டிக்கிட்டிருந்தேன்." அவள் அம்மாளிடம் திரும்பினாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பார்த்தது வெறுமை இல்லைங்க, பற்றாக்குறை. கார்டுல இடம் பத்தலைன்னு ஒரு தெருவையே எடுத்துட்டோம். எடுத்தது நான்தான். அதைச் செஞ்சவங்களை வீட்டுக்கு அனுப்பியாச்சு."

"அதெல்லாம் நம்ம உள்விவகாரம்மா" என்றார் பளபளப்பார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"காட்டுங்க" என்றார் அம்மாள்.

கத்திரி தெருவைத் திரும்ப வைத்தாள். வைப்பதற்கு முன், படங்களை மங்கலாக்கி இடம் பிடிக்கிற நிரல் இது என்று சொல்லித் தன்னுடைய நிரலை நிறுத்தினாள். மூன்று வருடத்தில் அதை நிறுத்தியது அதுவே முதல் தடவை. கடைத்தெரு வந்தது, குட்டைகளும் கதிர்களும் வந்தன, கார்டு திணறியது. விசிறி ஓலமிட்டது. நொடிக்கு நாலு ஃபிரேம். குட்டைக்குள் துப்பறிவாளர் ஒரு காலைத் தூக்கினார். கீழே வைக்க யுகமாயிற்று.

"அந்தப் புரோகிராமைப் போடுங்கம்மா" என்று கிசுகிசுத்தார் பளபளப்பார்.

"போட்டா ஓடும் சார். மூஞ்சியெல்லாம் மாவாயிடும். இத்தனை நாளும் அதைப் போட்டுத்தான் உங்க கண்ணுல மண்ணைத் தூவினேன். இனிமே வேணாம்." அவள் ரே டிரேசிங்கை அணைத்தாள். விசிறி அடங்கியது. படம் ஓடத் தொடங்கியது. "இதுல தண்ணி பொய்யி. பழைய ஒட்டு வேலை. ஆனா தெரு முழுசா இருக்கு, ஒரு சுவர்கூட மங்கல் இல்லை. எட்டு ஜிபியில தண்ணி, தெரு, ரெண்டுல ஒண்ணுதான். எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அம்மாள் தெருவுக்குள் நடந்தார். முதல் கடையைத் தாண்டினார். குடை ரிப்பேர் கடையில் நின்று, முறிந்த கம்பிகள் போட்டிருந்த டப்பாவைக் குனிந்து பார்த்தார். பூட்டுக் கடைக்கு வந்து கதவை வெகுநேரம் பார்த்தார். பத்து நிமிடம் போயிற்று, இருபது நிமிடம் போயிற்று.

"குட்டையைப் பாருங்க மேடம்" என்றார் பளபளப்பார், பொறுக்க மாட்டாமல். "அசிங்கமா இல்ல? வெறும் படத்தை ஒட்டி வச்சிருக்கு."

அம்மாள் பார்த்தார். "நீங்க சொன்னப்புறம் கொஞ்சம் தெரியுது" என்றார். "இந்தப் பூட்டுக் கடைக்குள்ள போக முடியுமா?"

"முடியாதுங்க" என்றாள் கத்திரி. இரண்டாவது தடவை மறுத்துச் சொல்வது சுலபமாகத்தான் இருந்தது.

அம்மாள் வெறுமையைப் பற்றி நோட்டில் எழுதியதை அடித்துவிட்டுப் போனார். கேமுக்குச் சம்மதம், தெரு இருக்கட்டும், பெரிய கார்டு வைத்திருக்கிறவர்கள் வேண்டுமானால் ரே டிரேசிங்கைப் போட்டுக்கொள்ள ஒரு பொத்தான் இருக்கட்டும் என்பது அவர் முடிவு. வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பிய பளபளப்பார், கடைத்தெருதான் இந்தக் கேமின் உயிர் என்று தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்ததாக ஒவ்வொரு மேசையிலும் நின்று சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை, ஒருவரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கத்திரியிடம் வந்தவர் கண்ணைப் பார்க்காமல், "உங்க நாத்தனாரை நாளைக்கே வரச் சொல்லிடுங்க. குடும்பம்தானே, நீங்களே பேசிக்குங்க" என்றார்.

அன்று வீட்டுக்குத் திரும்பிய கத்திரி லிஃப்டுக்குக் காத்திருக்காமல் நாலு மாடியையும் படியிலேயே ஏறினாள். பின்னறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலின் மேல் பெட்டி விரிந்து கிடந்தது. நாத்தனார் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். கேமரா ஏற்கெனவே உறைக்குள் போயிருந்தது.

"தெரு திரும்ப வந்துடுச்சு" என்றாள் கத்திரி வாசலில் நின்றபடியே, மூச்சு வாங்க.

நாத்தனாரின் கை நின்றது. பத்து நாளுக்குப் பிறகு நேராகப் பேசினாள். "எத்தனை சுவர் மங்கல்?"

"ஒண்ணுகூட இல்ல. அந்த நிரலையே தூக்கிட்டேன். அவர்கிட்ட இடம் இல்லைன்னு சொல்லிட்டேன், அந்தம்மா எதிர்லயே. அந்தம்மா இருபது நிமிஷம் உன் தெருவுலயே நடந்தாங்க. பூட்டுக் கடைக்குள்ள போகணும்னாங்க."

நாத்தனார் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கண் நிறைந்து வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "கதவைப் பார்த்தாங்களா?" என்று கேட்டாள். பார்த்தார்கள் என்றதும் சிரித்தாள். குடைக் கடையில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று கேட்டாள். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல வைத்தாள். கத்திரிக்கு மனம் நிறைந்துபோயிற்று.

"நாளைக்கே வரச் சொன்னாங்க" என்றாள்.

"நான் வரல அண்ணி." நாத்தனார் எழுந்து அடுத்த சட்டையை எடுத்தாள். "வேற ஊர்ல ஒரு கம்பெனியில கேட்டிருந்தேன். நேத்து சரின்னுட்டாங்க. நாளன்னிக்குக் கிளம்பறேன். அண்ணன்கிட்ட சொல்லியாச்சு."

"அதான் நான் சொல்லிட்டேனே அவர்கிட்ட. இன்னும் கோபமா?"

"கோபம் இருக்கு. அது போயிடும்." சட்டையின் கையை மடித்தாள். "சொன்னீங்க, சந்தோஷம். அன்னிக்கே சொல்லியிருந்தா நான் எங்கயும் போயிருக்க மாட்டேன். இனிமே அங்க உட்கார்ந்து ஒரு கதவு வரைஞ்சாலும், அண்ணி இதை என்னிக்கு எடுப்பாங்களோன்னுதான் தோணும். இங்க சாப்பிட உட்கார்ந்தாலும் அதேதான் தோணுது. என்னால முடியல."

தப்பு என்னுடையதுதான் என்று சொல்ல வேண்டும் என்று பத்து நாளாக நினைத்து, ஒவ்வொரு நாளும் கத்திரி வேறு ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது சொன்னாள்.

"தெரியும் அண்ணி" என்றாள் நாத்தனார். மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.